தாழ்த்தேற்றக் கருத்தின் வரலாறு: ஒரு நோக்கு

இரசாயனத் தாக்கங்களை வகைப்படுத்தல் இன்று பாடசாலை மாணவர்க்கும் உரிய எளிய பயிற்சியாகும். ஒரு சேர்வை வேறு பொருள்களாகப் பிரியுமாயின் அது பிரிகை. ஒரு பொருள் இழக்கும் இலத்திரன்களை இன்னொன்று ஏற்குமாயின் அது தாழ்த்தேற்றம். ஆயின், இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காண்பதற்கு அறிவுலகுக்கு ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது. கண்ணாற் காண்பது மட்டும் அறிவாகாது. கருத்தே காட்சிக்குப் பொருள் தருகின்றது என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டில், ஜேர்மனியரான ஸ்டால் (1659–1734) வகுத்த கொள்கையே செல்வாக்குப் பெற்றிருந்தது. எரியும் பொருள்களிலும் உலோகங்களிலும் ‘புளொஜிஸ்தன்’ எனும் எரிதத்துவம் உறைந்துள்ளது. உலோகத்தைச் சூடாக்க அது வெளியேறி நீறு எஞ்சும். நீற்றைக் கரியுடன் சூடாக்க, கரியின் புளொஜிஸ்தன் உட்புகுந்து உலோகம் மீளும் என அது கூறிற்று. எரிதலையும் உலோகம் நீறாதலையும் ஒரே வகையினவாக இணைத்தமை அதன் சிறப்பு. நீறு உலோகத்திலும் நிறை கூடியிருந்தமையோ அதனால் விளக்கவியலாத வினாவாயிற்று.

இந்நிலையில் இரு பரிசோதனைகள் நோக்கத்தக்கன. ஸ்கொத்லாந்தினரான பிளாக், 1756 இல் வெளியிட்ட ஆய்வில், மகனீசியா அல்பா எனும் வெண்தூளும் சுண்ணாம்புக்கல்லும் சூடாக்கப்படும்போது ஒரு வாயுவை இழக்கின்றன எனக் காட்டினார். அதுவே காபனீரொட்சைட்டு. 1774 ஓகஸ்ட் 1 ஆம் நாள் இங்கிலாந்தில் பிறீஸ்லி, இரசத்தின் செந்நீற்றை வில்லையால் குவித்த சூரிய ஒளியிற் சூடாக்கினார். எழுந்த வாயுவில் மெழுகுதிரி மிகப் பிரகாசமாக எரிந்தது. அதனை அவர் ‘புளொஜிஸ்தன் நீங்கிய வளி’ என்றே கொண்டார். சுவீடனில் ஷீலே இதே வாயுவை முன்னரே பெற்றிருந்தும், அவரது நூல் 1777 இலேயே வெளிவந்தது.

1774 ஒக்ரோபரில் பரிசு சென்ற பிறீஸ்லி, தாம் கண்டதை இலவோசியேயிடம் கூறினார். இலவோசியே தராசை நாடினார். 50 கன அங்குல வளியில் இரசத்தைப் பன்னிரு நாள் சூடாக்கியபோது, வளியில் 7 முதல் 8 கன அங்குலம் குறைந்தது. 45 கிறெயின் செந்நீறு உண்டாயிற்று. அந்நீற்றை மேலும் கடுமையாகச் சூடாக்க, 41½ கிறெயின் இரசமும் 7 முதல் 8 கன அங்குல வாயுவும் மீண்டன. எனவே உலோகம் எதையும் இழக்கவில்லை. வளியிலிருந்து ஒன்றைப் பெற்றது. அவ்வொன்றே ஒட்சிசன்.

எனினும், இலவோசியேயின் கருத்தும் முடிந்த முடிபன்று. ஒட்சிசன் என்பதற்கு ‘அமிலத்தைப் பிறப்பிப்பது’ என்பது பொருள். ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் இல்லையென்பது, 1810 இல் டேவி குளோரீனை மூலகமென நிறுவியதோடு தெளிவாயிற்று. 1897 இல் தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்த பின்னரே, ஒட்சியேற்றம் என்பது இலத்திரன் இழப்பாகவும் தாழ்த்தல் என்பது இலத்திரன் ஏற்பாகவும் விளக்கம் பெற்றன.

இவ்விளக்கத்தின் ஒளியில் அவ்விரு பரிசோதனைகளும் வேறுபடுகின்றன. சுண்ணாம்புக்கல் பிரியும்போது கல்சியம், காபன், ஒட்சிசன் ஆகிய மூன்றின் ஒட்சியேற்ற எண்களும் மாறுவதில்லை. அது பிரிகை மட்டுமே. செந்நீற்றிலோ இரசம் இலத்திரன்களை ஏற்றுத் தாழ்த்தப்படுகின்றது. ஒட்சிசன் அவற்றை இழந்து தானே ஒட்சியேற்றப்படுகின்றது. அது பிரிகையும் தாழ்த்தேற்றமும் ஒருங்கே ஆகும். சேர்வை பிரிந்து தனி மூலகம் தோன்றுதல் இதனை இனங்காணும் எளிய குறியாகும்.

பிறீஸ்லி 1804 இல் இறக்கும்வரை புளொஜிஸ்தனைக் கைவிடவில்லை. அவரை எள்ளுதல் நமக்கு எளிது. ஆயின், ஒட்சிசனே இல்லாத குளோரீனிற் சோடியம் எரிவதையும் நாம் ஒட்சியேற்றம் என்றே வழங்குகின்றோம். கைவிடப்பட்ட கருத்துகளின் சுவடு கலைச்சொற்களில் இன்றும் வாழ்கின்றது. சொல்லின் வரலாற்றை அறியாது வரைவிலக்கணத்தை மட்டும் மனனஞ் செய்வோர், விடையை அறிவரேயன்றி அவ்விடை எவ்வினாவிலிருந்து பிறந்தது என்பதை அறியார்.