மூசையை யார் தூக்குவது?

கொல்லைப்புறத்துல சின்னதா உலை போட்டு அலுமினியம் உருக்கலாம்னு கிளம்புறவங்க எல்லாரும் ஒரே இடத்துல தான் முழிப்பாங்க. உருக்குறது சுலபம். தகதகன்னு இருக்குற மூசையை வெளிய எடுக்கணுமே! நானும் கப்பி, நெம்புகோல், எதிர் எடைன்னு நாலஞ்சு படம் வரைஞ்சு பார்த்தேன். மூசையைத் தூக்குறதா, இல்ல மூசையைக் கீழயே விட்டுட்டு உலையை மேல தூக்குறதா?

சரி, நம்ம பக்கத்து ஆளுங்க என்ன பண்ணாங்கன்னு தேடினேன். தர்மபுரி 1965 வரைக்கும் சேலம் மாவட்டத்துல தான் இருந்தது. சேலத்து இரும்புத் தாதுவை நம்பி பரங்கிப்பேட்டையில இரும்பாலை ஆரம்பிச்சவர் ஜோசையா மார்ஷல் ஹீத். நம்மவங்க எஃகு செஞ்ச முறையைப் பத்தி அவர் எழுதின கட்டுரை 1839-ல வெளியாச்சு.

முறை இது தான். ஒரு மூசைக்குப் பெரும்பாலும் ஒரு பவுண்டுக்குள்ள தான் இரும்பு, அதாவது அரைக் கிலோ கூட கிடையாது. கூடவே காய்ஞ்ச ஆவாரங்குச்சி. மேல எருக்கிலை. வாயைக் களிமண்ணால பூசிடுவாங்க. இப்படி இருபதுக்கு மேல மூசைகளை ஒரே உலையில அடுக்கி, ரெண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவாங்க. அப்புறம் வெளிய எடுத்து, ஆற விட்டு, உடைச்சா உள்ள எஃகுக் கட்டி!

கவனிச்சீங்களா? ஊத்துற வேலையே இல்ல. வாய் மூடின, எடை குறைஞ்ச மூசை. லிஃப்டிங் மெக்கானிசம் எதுக்கு? ஆளுக்கு ஒரு இடுக்கி போதும்.

ஆனா "பார்த்தியா நம்ம தொழில்நுட்பத்தை"ன்னு காலரைத் தூக்கி விடுறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. 1740-கள்ல இங்கிலாந்தோட ஷெஃபீல்டுல பெஞ்சமின் ஹன்ட்ஸ்மேன் மூசையில எஃகை உருக்கி அச்சுல ஊத்தினார். அந்த ஊர் ஆலைகள்ல பின்னாடி, கால்ல ஈரச் சாக்கைச் சுத்திக்கிட்டு, உலைக்குழி மேல நின்னு இருபது கிலோவுக்கு மேல இருக்குற மூசையை ஆளுங்க கையாலயே இழுத்தாங்க. கொடூரமான வேலை. ஆனா ஊத்த முடிஞ்சதால பல மூசைகளை ஒரே அச்சுல சேர்க்க முடிஞ்சுது. 1851 லண்டன் கண்காட்சியில ஜெர்மனியோட க்ரூப் கம்பெனி கொண்டு வந்து வெச்ச எஃகுக் கட்டி சுமார் ரெண்டு டன்!

ஒரு பவுண்டு எங்க, ரெண்டு டன் எங்க? வாளுக்கு நம்ம அளவு போதும். பீரங்கிக்கும் ரயில் அச்சுக்கும் போதாது. தூக்க வேண்டிய கஷ்டத்தை நம்மவங்க புத்திசாலித்தனமா தவிர்த்தாங்க. பெரிய வார்ப்புக்கான வழியும் அதோடயே போச்சு.

நான் வார்க்கப்போறது பீரங்கி இல்ல. கப்பி படத்தையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டு மூசையைச் சின்னதாக்கிட்டேன் :-)