பழைய இரும்புத் துண்டுகளும் பால்மரக் காட்டு வரலாறும்



எங்கள் தாமானில் வீடு மாறிச் சென்ற குடும்பத்தார் ஒருவர், வேண்டாத பொருள்களை வாசலில் பரப்பி விற்றனர். அவற்றுள் துருப்பிடித்த பிசுக்கோத்து டின் ஒன்று இருந்தது. அதனுள்ளே ஐந்து உலோகப் பொருள்கள். விற்றவருக்கும் அவை எதற்கென்று தெரியவில்லை. பாட்டனார் காலத்துச் சாமான் என்றார். ஐந்து வெள்ளி கொடுத்து வாங்கினேன்.

முதலாவது, மரப்பிடி போட்ட குட்டைக் கத்தி. அதன் நுனி 'V' வடிவில் மடிந்து, மடிப்பின் ஓரமே கூராக இருந்தது. காய்கறி நறுக்கவோ மரம் இழைக்கவோ இந்த அமைப்பு உதவாது. தோட்டத்தில் வளர்ந்தவர் எவரும் ஒரே பார்வையில் சொல்லிவிடுவர்: பால்வெட்டுக் கத்தி. 'ஜெபோங்' என்று பெயர் பெற்ற இவ்வகைக் கத்தியைத் தன்னை நோக்கி இழுத்தே சீவுவார்கள்.

இந்தச் சிறு கத்திக்குப் பின்னால் பெரிய வரலாறு ஒன்று உண்டு. ஹென்றி விக்கம் 1876-இல் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் இரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்த கன்றுகளுள் 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன; சில கோலகங்சாரில் நடப்பட்டன. ஆனால் மரம் வந்துவிட்டால் மட்டும் போதுமா? அமேசான் காட்டில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்தனர். கொத்து ஆழமாக விழுந்தால் மரம் புண்பட்டு முடிச்சு விழும். பட்டையைத் திரும்ப வெட்ட முடியாது.

1888 முதல் 1911 வரை சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவை நடத்திய ஹென்றி ரிட்லிதான் இதற்கு வழி கண்டார். கொத்தாமல், பட்டையை மெல்லிய சீவலாகச் சீவி, அடுத்த முறை அதே வெட்டின் கீழ்விளிம்பையே மீண்டும் திறக்கும் முறை அது. இப்படித் தொடர்ந்து சீவினால் பால் குறைவதில்லை. முதல் சில வெட்டுகளுக்குப் பிறகு கூடவே செய்கிறது. நடுவதற்கு ஆள் தேடி விதைகளோடு அலைந்ததால் அவரைக் 'கிறுக்கு ரிட்லி' என்று தோட்ட முதலாளிகள் கேலி செய்தார்களாம். 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் முதல் வணிகத் தோட்டத்தை நிறுவினார். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின, கேலி அடங்கியது.

கத்தியின் கூர் ஏன் மடிப்பில் இருக்கிறது என்பதற்கும் விடை இங்கேதான். பாற்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில்தான் நெருக்கமாக உள்ளன. அதற்கு அடுத்ததோ, புதுப்பட்டையை வளர்க்கும் மெல்லிய உயிர்ப்படலம். பாலுக்காக ஆழமாகப் போகவேண்டும். படலத்தைத் தொடவும் கூடாது. இடைவெளி ஒரு மில்லிமீட்டர் அளவே! விடியுமுன் மங்கலான வெளிச்சத்தில், நூற்றுக்கணக்கான மரங்களில், நம் பாட்டிமார் இந்த அளவைக் கையாலேயே உணர்ந்து வெட்டினர். இதனைத் 'திறனற்ற உழைப்பு' என்று அன்றைய அரசாங்க ஏடுகள் வகைப்படுத்தியதை என்னால் ஏற்கவே முடிவதில்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் எளியவை. நாக்குபோல் வளைந்த தகரத் துண்டு, பால் வடிந்து மங்கில் விழுவதற்காகப் பட்டையில் செருகப்படுவது. கம்பி வளையம், அந்த மங்கைத் தாங்குவது.

நான்காவது சற்றுக் குழப்பக்கூடியது. கொடி போன்ற சாய்ந்த தகடு. ஓரத்தில் சட்டத்தோடு பொருத்துவதற்கான ஆணித் துளைகள். புதிய மரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஆனதும் வெட்டுக்குத் திறப்பார்கள். அப்போது இத்தகட்டை மரத்தில் சுற்றிச் சாய்வுக்கோடு கீறுவர். ஒட்டுமரத்திற்கு 30 பாகைச் சாய்வு. மேல் இடப்புறத்திலிருந்து கீழ் வலப்புறமாக. பாற்குழாய்கள் மரத்தில் சற்றே எதிர்த்திசையில் சாய்ந்து ஏறுவதால், இப்படி வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் திறக்கும்.

ஐந்தாவது பொருளே என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. பித்தளைக் குமிழ், அதன்மேல் மெல்லிய தண்டு, தண்டில் எண்கள். மீன் பிடிக்கும் மிதவை என்றே பலரும் எண்ணக்கூடும். தண்டில் கேலனுக்கு இத்தனை இராத்தல் என்று பொறிக்கப்பட்டிருந்தது. இது 'மெட்ரோலேக்' எனப்படும் பால்மானி. மலேசியாவில் மெட்ரிக் முறைக்கு வழிவகுத்த எடையளவுச் சட்டம் 1972-இல் வந்தது. ஆகவே இராத்தல் கணக்கிலான இக்கருவி பெரும்பாலும் அதற்கு முந்திய காலத்தது.

இரப்பர் நீரைவிட இலேசானது. எனவே இரப்பர் மிகுந்த பாலில் குமிழ் ஆழமாக அமிழும். நீர் கலந்த பாலில் மேலெழும்பி நிற்கும். ஒரு பங்கு பாலோடு இரு பங்கு நீர் சேர்த்து மிதக்கவிட்டு, காட்டும் எண்ணை மூன்றால் பெருக்குவர். காண்டாவில் சுமந்து வந்த பால் நான்கு கேலன் என்று வைத்துக்கொள்வோம். கேலனுக்கு மூன்று இராத்தல் என்றால் பன்னிரண்டு இராத்தல் இரப்பர். இரண்டரை என்றால் பத்துதான். எடைக்கு ஏற்பக் கூலி கணக்கிட்ட இடங்களில், அந்த இரண்டு இராத்தல் ஒரு குடும்பத்தின் அரிசியாகவோ மீனாகவோ இருந்திருக்கும்.

மேலும் இக்கருவி காட்டுவது தோராயமே. பாலின் வெப்பம் மாறினாலும், நீர்ப்பகுதியின் அடர்த்தி மரத்திற்கு மரம் வேறுபட்டாலும் அளவு மாறும். துல்லியம் வேண்டுமானால் சிறிதளவு பாலை அமிலமிட்டு உறையவைத்து, தகடாக்கி, உலர்த்தி எடை போடவேண்டும். அதற்கு நேரமாகும், வரிசையில் நிற்பவர்கள் காத்திருக்க முடியாது. எண்ணைப் படித்தவர் கிராணி. படிக்கத் தெரியாத ஒருவர், தம் அன்றைய உழைப்பின் மதிப்பை இந்தப் பித்தளைத் தண்டு சொல்ல, அதைக் கிராணி சொல்ல, கேட்டுக்கொண்டு லயத்திற்குத் திரும்பினார். கத்தி அவர் கையில் இருந்தது. பால்மானி ஒருநாளும் அவர் கைக்கு வந்ததில்லை.

1980-கள் வரை இயற்கை இரப்பர் உற்பத்தியில் உலகின் முதலிடம் மலேசியாவுடையது. பின்னர்ப் பால்மரக் காடுகள் பலவும் செம்பனைக்கு மாறின. மங்கு, காண்டா, ஒட்டுப்பால், நிரை, பெரட்டு ஆகிய சொற்கள் தோட்டத்தைவிட்டு வந்த முதியோர் வாயில் மட்டும் தங்கின. கருவிகளோ பழைய இரும்புக் கடைகளுக்குக் கிலோ கணக்கில் போயின. பித்தளைக்கு இரும்பைவிட விலை அதிகம் என்பதால் பால்மானிகளே முதலில் உருகியிருக்கக்கூடும்.