மூழ்கிய ஊரும் முளைத்த மன்றமும்

1404ஆம் ஆண்டில், ஆங்கில அரசை எதிர்த்துக் கிளர்ந்த ஒவைன் கிளிண்டூர், மகன்லெத் என்னும் சிற்றூரில் வேல்சு நாட்டார்க்கென ஒரு மன்றம் கூட்டினான். அவன் கிளர்ச்சி அடங்கியபின், தம் மண்ணிலேயே கூடும் மன்றம் ஒன்றை அம்மக்கள் தேர்ந்தெடுக்க 1999 வரை காத்திருக்க நேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் மன்றத்தோடு மொழியும் தாழ்ந்தது. எட்டாம் ஹென்றியின் 1536ஆம் ஆண்டுச் சட்டம், நீதிமன்றங்களின் மொழி ஆங்கிலமே என விதித்தது. வேல்சு மொழி மட்டுமே வழங்குவோர்க்கு அரசுப் பதவி இல்லை என்றும் கூறிற்று.

இம்மன்றத்தின் வரலாற்றைச் சட்டங்களிலிருந்து தொடங்குவோர் பலர். நான் ஓர் ஊரிலிருந்து தொடங்கவே விழைகின்றேன். ட்ரவெரின் பள்ளத்தாக்கில் இருந்த கப்பெல் கெலின், வேல்சு மொழியே வழங்கிய சிற்றூர். இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகருக்கு நீர் வேண்டி அங்கு அணை கட்ட 1957இல் இலண்டன் நாடாளுமன்றம் இசைவளித்தது. வேல்சு உறுப்பினருள் ஒருவரேனும் அதனை ஆதரித்து வாக்களித்திலர். ஆயினும் சட்டம் நிறைவேறிற்று. 1965இல் வழிபாட்டில்லமும் பள்ளியும் வீடுகளும் நீருள் மறைந்தன. தம் பேராளர் அனைவரும் ஆதரவு மறுத்தும் ஓர் ஊரைக் காக்க இயலாதெனின், அப்பேராண்மையின் பயன் யாது? இவ்வினாவே மன்றத்திற்கு வித்து என்பது என் துணிபு. இதற்கிடையே 1962இல் எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் மொழியின் வருங்காலம் குறித்து ஆற்றிய வானொலி உரை, இளைஞரிடையே மொழி இயக்கம் ஒன்று தோன்றக் காரணமாயிற்று.

எனினும் மன்றம் எளிதில் வாய்க்கவில்லை. தடுத்தவர் அயலார் மட்டுமல்லர். 1979 மார்ச் 1ஆம் நாள் நடந்த பொது வாக்கெடுப்பில் வேல்சு மக்களே ஐவரில் நால்வர் வேண்டா என்றனர். 1997 செப்டம்பர் 18இல் மீண்டும் கேட்டபோது 11 இலட்சத்திற்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். வேண்டும் என்றோர் பெற்ற மிகுதி 6,721 மட்டுமே. இறுதியாக வந்த கார்மார்தன் பகுதியின் முடிவே வெற்றியை உறுதி செய்தது.

கார்டிஃப் நகரில் 1999இல் கூடிய அம்மன்றம் முழுச் சட்டம் இயற்றும் உரிமையற்றது. 2011இல் நடந்த வாக்கெடுப்பில் நூற்றுக்கு 63 பேருக்கு மேல் இசைந்தபின்னரே கல்வி, நலவாழ்வு, வேளாண்மை, மொழி முதலியவற்றில் தானே சட்டம் செய்யும் ஆற்றலை அது முழுமையாகப் பெற்றது. பாதுகாப்பும் அயலுறவும் காவல்துறையும் இன்றும் இலண்டனிடமே உள்ளன. 2020 முதல் அதன் பெயர் செனெத். உறுப்பினர் இரு மொழிகளுள் எதிலும் பேசலாம்; சட்டங்கள் இரு மொழியிலும் சம வலிமை உடையன. முதலமைச்சரை உறுப்பினரே வாக்களித்து முன்மொழிகின்றனர்.

தேர்தல் முறையும் அறியத்தக்கது. 2021 வரை 60 இடங்கள்: தொகுதி உறுப்பினர் 40, வட்டார உறுப்பினர் 20; வாக்காளர்க்கு இரண்டு வாக்குகள். அவ்வாண்டு பதினாறு வயதினரும் வாக்களித்தனர். 2024ஆம் ஆண்டுச் சட்டம், 2026ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் 96 இடங்கள், 16 தொகுதிகள், தொகுதிக்கு அறுவர், ஒரே வாக்கு என மாற்றியது. கட்சிகள் பெற்ற வாக்குகளை ஒன்று, இரண்டு, மூன்று என வகுத்து, வரும் ஈவுகளுள் மிகப்பெரிய ஆறுக்கு இடமளிப்பர். ஒரு தொகுதியில் மூன்று கட்சிகள் முறையே 30, 24, 12 ஆயிரம் வாக்குகள் பெற்றன எனக் கொள்வோம். இடங்கள் மூன்று, இரண்டு, ஒன்று என அமையும். சிறு கட்சியின் வாக்கு வீணாகாமை இதன் சிறப்பு. ஆயின் கட்சிப் பட்டியலின் வரிசையை வாக்காளர் மாற்ற இயலாது. விரும்பிய மனிதரைத் தெரியும் உரிமை குறைந்தது இழப்பே என்பேன்.

புதிய தொகுதிகள் பதினாறுக்கும் வேல்சு மொழியில் மட்டுமே பெயரிட்டுள்ளனர். அவற்றுள் ஒன்று குவினெத் மால்ட்வின். ஒவைன் மன்றம் கூட்டிய மகன்லெத்தும், கப்பெல் கெலினை மூடிய நீர்த்தேக்கமும் அத்தொகுதியிலேயே உள்ளன.