வேலை போனாலும் நீங்காத கடமை: இந்தியச் சட்டத்தில் குழந்தை ஜீவனாம்சத்தின் வளர்ச்சி

முன்னுரை

குழந்தைக்கு ஜீவனாம்சம் கேட்டு வரும் வழக்குகளில் எதிர்த்தரப்பு அடிக்கடி எடுத்துவைக்கும் பதில், 'எனக்கு இப்போது வேலை இல்லை' என்பதுதான். அது உண்மையாகவும் இருக்கலாம். தப்பிக்கும் வழியாகவும் இருக்கலாம். எதுவானாலும் குழந்தையின் உணவும் படிப்பும் மருந்தும் தந்தையின் அடுத்த வேலைக்காகக் காத்திருப்பதில்லை. இந்தியச் சட்டம் இந்தச் சிக்கலை ஒன்றரை நூற்றாண்டாக எப்படிக் கையாண்டு வந்திருக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வேலையின்மை கடமையை அழிப்பதில்லை, தொகையை மட்டுமே மாற்றக்கூடும் என்ற கொள்கை இங்கே நன்றாக வேரூன்றிவிட்டது. ஆனால் தந்தையிடம் உண்மையிலேயே பணம் இல்லாத மாதங்களில் குழந்தைக்கு யார் கொடுப்பது என்ற கேள்வியைச் சட்டம் இன்னும் தொடவில்லை.

1. குற்றவியல் நடைமுறைக்குள் வந்த ஜீவனாம்சம்

பிரிட்டிஷ் இந்தியாவின் 1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே மனைவிக்கும் குழந்தைக்குமான ஜீவனாம்சம் இடம்பெற்றது. கைவிடப்பட்டவர்கள் வறுமையால் தெருவுக்கு வந்துவிடாமல் தடுப்பதே இதன் நோக்கம் என்று 1872ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தை வடித்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன் கருதினார். அதனால்தான் இது நீண்ட சிவில் வழக்காக அல்லாமல், மாஜிஸ்திரேட் விரைவாக விசாரித்து முடிக்கும் நடவடிக்கையாக அமைந்தது.

1898ஆம் ஆண்டுச் சட்டத்தின் 488ஆவது பிரிவு, போதிய வசதி இருந்தும் குழந்தையைப் பராமரிக்கத் தவறுபவருக்கு எதிராக உத்தரவிட வழி செய்தது. மாதத் தொகைக்கு 50 ரூபாய் உச்சவரம்பு. அது 1923இல் 100 ஆகவும், 1955இல் 500 ஆகவும் உயர்ந்தது. சூழ்நிலை மாறினால் தொகையை மாற்றிக்கொள்ள அடுத்த பிரிவான 489 இடம் தந்தது. கடமை ஒரு பிரிவிலும் தொகை மாற்றம் மற்றொரு பிரிவிலும் அமைந்த இந்த ஏற்பாடுதான் பிற்கால வளர்ச்சிக்கெல்லாம் அடித்தளம்.

2. சொத்திலிருந்து உழைக்கும் திறனுக்கு

நிலமும் சம்பளமும் இல்லாதவரிடம் 'போதிய வசதி' இருப்பதாகக் கொள்ள முடியுமா? சென்னை உயர் நீதிமன்றம் 1926இல் இதற்குத் தெளிவான விடை தந்தது. வசதி என்பது கண்ணுக்குத் தெரியும் சொத்தோ நிலையான வேலையோ மட்டுமல்ல. உடல்நலத்தோடு உழைக்கும் திறன் உள்ளவரிடம் வசதி இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றது. ரங்கூன் உயர் நீதிமன்றமும் 1933இல் இதே நோக்கை ஏற்றது. இதனால் விசாரணையின் மையம் தந்தையின் கையிருப்பிலிருந்து அவருடைய உழைக்கும் திறனுக்கு நகர்ந்தது.

தில்லி உயர் நீதிமன்றம் 1968இல் இன்னொரு அடி எடுத்து வைத்தது. திடகாத்திரமான இளைஞர் சம்பாதிக்கக் கூடியவர் என்றே அனுமானிக்க வேண்டும். முடியாது என்றால் அதற்கான காரணங்களை அவரே நிறுவ வேண்டும். ஒருவரின் உண்மையான வருமானம் அவருக்கே நன்கு தெரியும் என்பதால் மெய்ப்பிக்கும் பொறுப்பை அவர்மேல் வைத்தது நியாயமே. பிரிந்து வாழும் தாய் அந்த விவரங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது குழந்தையின் உரிமையையே எட்டாத இடத்தில் வைப்பதாகும்.

1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, தந்தை தாய் இருவர்மேலும் இக்கடமையை வைத்தது. திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தைக்கும் இவ்வுரிமை உண்டு என்றது.

3. உச்சவரம்பு நீங்கிய பின்

1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488, 489 ஆகியவை முறையே 125, 127 ஆகிய பிரிவுகளாயின. 500 ரூபாய் வரம்பு தொடர்ந்தது. அது குடும்பம் முழுவதற்குமான மொத்த வரம்பு அல்ல, உரிமை கோரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரம்பு என்று 1978இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விளக்கியது. தாயின் பங்குக்குள் குழந்தையின் பங்கு கரைந்துவிடாமல் அது காத்தது.

2001ஆம் ஆண்டுத் திருத்தம் வரம்பையே நீக்கியது. இடைக்கால ஜீவனாம்சத்துக்கு வழி செய்து, அம்மனுவை இயன்றவரை 60 நாட்களுக்குள் முடிக்கவும் சொன்னது. வரம்பு நீங்கியதும் வாதம் முழுவதும் உண்மையான வருமானம் எவ்வளவு என்பதைச் சுற்றியே அமைந்தது. வேலையின்மை வாதத்தின் எடையும் கூடியது.

அதன் பின் வந்த தீர்ப்புகள் உறுதியானவை. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றதைக் காரணம் காட்டி மனைவியின் தொகை 4,000 ரூபாயிலிருந்து 2,000 ஆகக் குறைக்கப்பட்டதை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. தொழில் மூடப்பட்டது, வருமானம் இல்லை என்ற கணவரின் வாதத்தை 2022 செப்டம்பரில் அது ஏற்க மறுத்தது. உடல் உழைப்பாலாவது சம்பாதித்து மனைவி மக்களைக் காப்பது கடமை என்றது. வேலையற்றவர் கூலி வேலை செய்தாலும் நாளொன்றுக்கு 300 முதல் 400 ரூபாய் ஈட்டலாம் என்று 2024இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் கணக்கிட்டது.

எனினும் இந்த அனுமானம் மறுக்க முடியாதது அல்ல. 75 சதவீத ஊனமுற்ற கணவரை ஜீவனாம்சம் தரச் சொல்லி வற்புறுத்த முடியாது என்று அதே 2024இல் கர்நாடக உயர் நீதிமன்றம் கூறியது. உடல் ஒத்துழைக்கும்வரைதான் உழைப்பை எதிர்பார்க்க முடியும்.

4. வாய்மொழியிலிருந்து ஆவணத்துக்கு

2020 நவம்பர் 4 அன்று நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, ஆர். சுபாஷ் ரெட்டி அமர்வு வழங்கிய தீர்ப்பு இவ்வரலாற்றின் அடுத்த திருப்பம். வருமானம், சொத்து, கடன் ஆகிய விவரங்களை இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்று நாடு முழுவதற்கும் அது நெறி வகுத்தது. அந்த வழக்கிலும் கணவர் தமக்கு வேலை இல்லை என்றே வாதிட்டார். மகனுக்கு மாதம் 10,000 ரூபாய் என்ற உத்தரவு நிலைத்தது.

இந்நெறி இரு தரப்புக்கும் நன்மை தருவது. வருமானத்தை மறைப்பவர் எளிதில் தப்ப முடியாது. உண்மையாகவே வேலையிழந்தவரோ பணிநீக்க உத்தரவு, வங்கிக் கணக்கு, வேலை தேடிய சான்றுகள் ஆகியவற்றைக் காட்டித் தம் நிலையை நிறுவ முடியும்.

5. தொகை மாற்றமும் நிலுவை வசூலும்

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 125, 127 ஆகியவை முறையே 144, 146 ஆகிய பிரிவுகள். வேலை போனவர் செய்ய வேண்டியது 146இன் கீழ் உடனே மனு செய்வது. தாமாகவே பணத்தை நிறுத்துபவருக்கு மாதந்தோறும் நிலுவை ஏறிக்கொண்டே போகும்.

போதிய காரணமின்றி உத்தரவை மீறினால் வாரண்ட் பிறப்பித்து வசூலிக்கலாம். அப்படியும் கட்டாமல் விட்ட ஒவ்வொரு மாதத் தொகைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். சிறை சென்றதால் கடன் தீராது, சிறை என்பது வசூலுக்கான நெருக்கடி மட்டுமே என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வாரண்ட் கேட்க உள்ள ஓராண்டுக் கெடு அந்த வசூல் முறைக்கு மட்டுமே உரியது, நிலுவை பெறும் உரிமையை அது அழிக்காது என்று தமிழ்நாட்டைச் சேர்ந்த தாயும் குழந்தையும் தொடுத்த வழக்கில் 2013இல் அதே நீதிமன்றம் கூறியது.

இங்கே ஒரு முரணும் உண்டு. கட்ட வழியில்லாத ஏழைக் கடனாளியை சிவில் சிறையில் அடைப்பது நியாயமல்ல என்று 1980இல் கிருஷ்ணய்யரின் இன்னொரு தீர்ப்பு சொன்னது. குழந்தையின் உணவு வணிகக் கடனைப் போன்றதல்ல என்பது சரியே. ஆயினும் உண்மையில் வேலையற்றவரைச் சிறையில் வைத்தால் அந்த நாட்களில் அவர் உழைக்கவும் முடியாது. குழந்தைக்குப் பணமும் வராது. மறுப்பவரையும் இயலாதவரையும் பிரித்தறியும் விசாரணை வாரண்டுக்கு முன்பே நடந்தாக வேண்டும்.

6. நிரம்பாத இடைவெளி

வேலை இழந்தவருக்கு உதவ, தொழிலாளர் அரசு காப்பீட்டு (ஈ.எஸ்.ஐ.) அமைப்பின் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டம் 2018இல் தொடங்கியது. 2020 முதல் சராசரி நாள் ஊதியத்தில் 50 சதவீதத்தை அதிகபட்சம் 90 நாட்களுக்கு அது தருகிறது. காப்பீடு பெற்ற தொழிலாளருக்கே இந்த உதவி. காப்பீடு இல்லாத கட்டடத் தொழிலாளியின் குழந்தைக்கோ தெரு வியாபாரியின் குழந்தைக்கோ அதனால் பயனில்லை.

ஜெர்மனி 1979இல் இப்படிப்பட்ட இடைவெளியை நிரப்பவே ஒரு சட்டம் இயற்றியது. பெற்றோரில் ஒருவர் பணம் தராதபோது அரசே குழந்தைக்கு முன்பணம் தருகிறது. பிறகு அவரிடம், அவருக்கு வசதி இருக்குமானால், வசூலித்துக்கொள்கிறது. 2017இல் இவ்வுதவி 18 வயது வரை நீட்டிக்கப்பட்டது. பெற்றோரின் கடமை அங்கே நீங்கவில்லை. காத்திருக்கும் சுமைதான் குழந்தையிடமிருந்து அரசுக்கு மாறியது.

முடிவுரை

1926இல் சென்னை நீதிமன்றம் வகுத்த கோட்பாடும் 2020இல் வந்த பிரமாணப் பத்திர நெறியும் சேர்ந்து வேலையின்மை என்ற சாக்கின் வலிமையைப் பெரிதும் குறைத்துவிட்டன. இது பெருமைப்படத்தக்க வளர்ச்சி. இனி மூன்று மாற்றங்கள் தேவை. ஜீவனாம்ச உத்தரவிலேயே, வேலை போனால் உடனே மனு செய்ய வேண்டும் என்ற அறிவுரை எளிய தமிழில் இடம்பெற வேண்டும். அம்மனுக்களுக்கும் 60 நாள் கெடு விதிக்க வேண்டும். நீதிமன்றம் உறுதிசெய்த குறைந்தபட்சத் தொகையை முன்பணமாகத் தர மாநில அளவில் ஒரு நிதி அமைக்க வேண்டும். 'உழைத்துக் கொடு' என்று தந்தைக்குச் சொல்லும் உரிமை அரசுக்கு உண்டு. அவர் வேலை தேடும் மாதங்களில் அந்தக் குழந்தையைப் பசியில்லாமல் காக்கும் பொறுப்பும் அதே அரசுக்கு உண்டு.