செப்டிசீமியா: சொல்லின் வரலாறு

செப்டிசீமியா என்பது நோய்க்கிருமிகள் இரத்தத்தில் புகுந்து உடல் முழுவதையும் தாக்கும் நிலைக்கு நெடுங்காலம் வழங்கிய பெயர். பிரெஞ்சு மருத்துவர் பியோரி 1837இல் இதை ஆக்கினார். அழுகலைக் குறிக்கும் கிரேக்க வேருடன், இரத்தம் என்னும் பொருளுடைய 'ஹைமா' சேர்ந்து பிறந்த சொல் இது. அனீமியா, லுகேமியா ஆகியவற்றின் ஈறும் அந்த ஹைமாவே.

புண்ணிலிருந்து ஊறும் அழுகல் இரத்தத்தையும் கெடுத்துவிடுகிறது என்று அக்கால மருத்துவர்கள் எண்ணினர். நோய்க்குக் கிருமியே காரணம் என்று நிறுவப்படாத காலம் அது. 1850இல் ஆந்த்ராக்ஸ் கண்டு இறந்த ஆட்டின் இரத்தத்தில் குச்சி போன்ற நுண்ணுருக்களைப் பிரெஞ்சு மருத்துவர்கள் ரேயரும் டாவேனும் கண்டனர். அவையே நோய்க்குக் காரணம் என்பதை 1876இல் ஜெர்மானிய மருத்துவர் காக் நிறுவினார். கருத்து மாறியும் பெயர் மாறவில்லை. இரத்தத்தில் கிருமி இருப்பதை மட்டும் சுட்ட, பாக்டீரீமியா என்ற சொல் பின்னர் வந்தது. பாக்டீரியா என்பதும் கிரேக்கத்தில் சிறு கோல்தான். ஜெர்மானிய இயற்கையியலாளர் எரன்பர்க் 1828இல் இட்ட பெயர் அது. பல் துலக்கும்போதுகூட வாயிலுள்ள கிருமிகள் சிறிது நேரம் இரத்தத்தில் கலப்பதுண்டு. அது பாக்டீரீமியா, ஆனால் பெரும்பாலும் நோயாவதில்லை.

தமிழில் மேலை மருத்துவத்தைப் பாடமாக்கிய முன்னோடி, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் கிறீன். அவருடைய 'இரணவைத்தியம்' 1867இல் வெளிவந்தது. புண் அழுகுவதைத் தடுக்கக் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தும் முறையைப் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் லிஸ்டர் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

பேச்சுத் தமிழிலும் செப்டிசீமியாவின் ஒரு துண்டு உண்டு. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள், திருக்கை முள் குத்திய கால் வீங்கிச் சீழ் வைத்தால், "செப்டிக் ஆயிட்டு" என்பார்கள். பியோரியின் சொல்லில் இரத்தம் கழன்று அழுகல் மட்டும் இங்கே புழங்குகிறது. செப்டிக் டேங்க்கிலும் அதே வேர்தான். ஆனால் கடற்புண்ணில் இரத்தத்தை மறந்துவிட முடியாது. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற பாக்டீரியா, ஈரல் நோய் உள்ளவர்களுக்குச் சிறு கீறல் வழியாகவே இரத்தத்தில் பரவி உயிரைப் பறிக்கக்கூடும். வல்னிஃபிகஸ் என்றால் இலத்தீனில் புண்ணாக்குவது.

செப்டிசீமியா தெளிவற்ற சொல் என்று கருதி, அதைக் கைவிடுமாறு 1991இல் அமெரிக்க மருத்துவர் மாநாடு ஒன்று பரிந்துரைத்தது. இப்போது செப்சிஸ் என்பதே வழக்கு. 2016இன் வரையறைப்படி, தொற்றை எதிர்க்கும் உடலின் முயற்சி கட்டுமீறி உறுப்புகளையே செயலிழக்கச் செய்வது செப்சிஸ். அதற்கு இரத்தத்தில் கிருமி காணப்பட வேண்டும் என்ற கட்டாயமில்லை.