பருவநிலைச் சட்டம் பிறந்த கதை



சர்க்கார் காகிதங்களை ஆங்கிலத்தினின்றும் தமிழாக்கும் பணியில் பல ஆண்டுகளைக் கழித்துள்ள நமக்கு, ஒரு வினைச்சொல் எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பது அநுபவத்தால் தெரியும். "அரசாங்கம் செய்யலாம்" என்று விதி கூறினால் மந்திரி நிம்மதியாக உறங்கலாம். "அரசாங்கம் செய்தல் வேண்டும்" என்று கூறினாலோ, செய்யாதவிடத்துக் குடிமகன் ஒருவன் நீதிமன்றத்தின் படியேறலாம். பிரிட்டனில் 2005 முதல் 2008 வரை நடைபெற்ற பருவநிலைச் சட்டக் கிளர்ச்சியின் வரலாற்றைப் படித்தபோது, அது முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிற்காக நடந்த போராட்டமாகவே நமக்குத் தோன்றியது.

வாக்குறுதிக்கு அந்நாட்டில் பஞ்சம் இருந்ததில்லை. 1997ஆம் ஆண்டுத் தேர்தலின்போது தொழிற்கட்சி, கரியமில வாயுவின் வெளியீட்டை 2010க்குள் 1990ஆம் ஆண்டின் அளவினின்றும் 20 சதவீதம் குறைப்பதாகச் சொல்லி ஆட்சிக்கு வந்தது. மின் நிலையங்கள் நிலக்கரியை விட்டு இயற்கை வாயுவுக்கு மாறியதனால் 1990களில் ஓரளவு குறைவு ஏற்பட்டதுண்டு. புதிய நூற்றாண்டு பிறந்ததும் அவ்வீழ்ச்சி நின்றுவிட்டது. 2006 மார்ச்சில், அந்த இலக்கை எட்ட இயலாதென அரசாங்கமே ஒப்புக்கொண்டது. எந்த நீதிபதியும் விளக்கம் கேட்கவில்லை; கேட்க வழியுமில்லை. அது கட்சியின் சொல்லேயன்றி நாட்டின் சட்டமன்று.

இக்குறையை முன்னரே உணர்ந்தது 'பிரெண்ட்ஸ் ஆப் தி எர்த்' என்னும் தொண்டு நிறுவனம். ஆண்டுதோறும் இவ்வளவு குறைத்தாக வேண்டும் என்று சட்டமே கட்டளையிட வேண்டுமென அது கோரியது. 2005 ஏப்ரலில் தொழிற்கட்சியின் மைக்கேல் மீச்சர், கன்சர்வேடிவ் கட்சியின் ஜான் கம்மர், லிபரல் டெமாக்ரட் கட்சியின் நார்மன் பேக்கர் ஆகிய மூவரும் சேர்ந்து இதற்கென ஒரு மசோதாவைக் கொணர்ந்தனர். முதல் இருவரும் முன்னாள் சுற்றுச்சூழல் மந்திரிகள். பொதுத்தேர்தல் வந்து சபை கலைந்தது. மசோதாவும் உடன் மறைந்தது. மே மாதத்தில், தாம் யார்க் என்னும் பாடகரின் துணையுடன், 'பிக் ஆஸ்க்' என்ற பெயரில் கிளர்ச்சி தொடங்கிற்று. 'பெரிய வேண்டுகோள்' என்று நாம் அதனைத் தமிழ்ப்படுத்தலாம்.

காமன்ஸ் சபையில் ஒரு விநோத வழக்கம் உண்டு. விவாதத்திற்கு நாள் குறிக்கப்படாத தீர்மானம் ஒன்றை எந்த அங்கத்தினரும் தாக்கல் செய்யலாம். உடன்படுவோர் அதில் கையொப்பமிடலாம். பெரும்பாலும் அவை விவாதத்திற்கு வருவதே இல்லை. தாளில் பிறந்து தாளிலேயே மடியும். புதிய சபையில் 178 என்ற எண் பெற்ற அத்தகைய தீர்மானம் ஒன்றையே கிளர்ச்சிக்காரர் பற்றிக்கொண்டனர். அங்கத்தினர் ஒவ்வொருவரையும் அவருடைய சொந்தத் தொகுதி மக்களே அணுகிக் கையொப்பம் கேட்பது என்பது ஏற்பாடு. கடிதங்களும் அஞ்சலட்டைகளும் சென்றன. வாக்காளரை அங்கத்தினர் தொகுதியில் நேரில் காணும் கூட்டங்களுக்கும் மக்கள் சென்றனர். அக்கூட்டத்திற்கு ஆங்கிலத்தில் 'சர்ஜரி' என்று பெயர். அவசரத்தில் மொழிபெயர்ப்பாளன் 'அறுவைச் சிகிச்சை' என்று எழுதிவிடக் கூடாது! முடிவில் 646 அங்கத்தினருள் 412 பேர் கையொப்பமிட்டனர். கட்சி எல்லைகளைக் கடந்த அந்தப் பெயர்ப்பட்டியலை எந்த மந்திரியாலும் புறக்கணிக்க இயலவில்லை.

இவ்விடத்தில் நம்மவர் நிலை நினைவுக்கு வருகின்றது. பிழைப்பின் பொருட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழருள் பலருடைய பெயர் இன்னும் சொந்த ஊர் வாக்காளர் பட்டியலிலேயே இருக்கிறது. தில்லியின் புகைமூட்டத்தையும் மும்பையின் பெருமழையையும் நாம் அநுபவிப்பது இங்கே. நம் பிரதிநிதி இருப்பதோ ஆயிரம் மைலுக்கு அப்பால். எவருடைய வாயிற்கதவைத் தட்டுவது என்ற கேள்வி பிரிட்டிஷ் வாக்காளனுக்கு எழவில்லை, நமக்கு எழுகின்றது.

2006 செப்டம்பரில், எதிர்க்கட்சித் தலைவராயிருந்த டேவிட் காமரூன் இச்சட்டம் வேண்டுமென்று வெளிப்படையாகக் கோரினார். அக்டோபர் இறுதியில் நிக்கலஸ் ஸ்டெர்ன் என்னும் பொருளாதார நிபுணரின் அறிக்கை வெளிவந்தது; பருவநிலை மாறுதலைத் தடுக்க ஆகும் செலவைவிட, தடுக்காமையால் வரும் நஷ்டமே பெரிது என்பது அதன் சாரம். நவம்பர் மாத அரசியார் உரையில் சட்டம் வாக்களிக்கப்பட்டது. கிளர்ச்சியில் முன்னின்ற பிரையனி வொர்த்திங்டன் என்னும் அம்மையார், மசோதாவை வரைந்த அரசாங்கக் குழுவிலேயே இடம்பெற்றார். வெளியே நின்று கேட்டவரே உள்ளே அமர்ந்து எழுதும் வாய்ப்பு எளிதில் கிட்டுவதன்று. வாசகங்களோடு மல்லாடும் நமக்கு அவர்மீது சிறிது பொறாமையும் உண்டு.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆண்டுதோறும் கணக்கு வேண்டுமென்றனர்; ஐந்தாண்டுக்கு ஒரு முறை வரையறுக்கப்படும் 'கார்பன் பட்ஜெட்' கிடைத்தது. விமானங்களும் கப்பல்களும் நாடு விட்டு நாடு செல்லும்போது விடும் புகை தொடக்கத்தில் கணக்கிற்கு வெளியே நின்றது. ஆனால் வரைவு மசோதாவில், 2050க்குள் 60 சதவீதம் குறைப்பு என்றிருந்த இலக்கு, நிபுணர் குழுவின் ஆலோசனைப்படி 2008 அக்டோபரில் 80 சதவீதமாக உயர்ந்தது.

அம்மாதம் 28ஆம் நாள் இரவு காமன்ஸ் சபையில் இறுதி வாக்கெடுப்பு. எழுபதாண்டுகளுக்கு மேலாக அக்டோபரில் பனி காணாத லண்டன் மாநகரில் அன்று பனி பெய்தது. பூமி வெப்பமடைவதாகச் சொல்லும் மசோதாவிற்கு இதைவிடப் பொருத்தமற்ற இரவு வாய்த்திராது. 463 பேர் ஆதரித்தனர், மூவர் எதிர்த்தனர். நவம்பர் 26ஆம் நாள் அரசியாரின் ஒப்புதல் கிடைத்தது. 2050ஆம் ஆண்டிற்குரிய குறைப்பை உறுதி செய்தல் மந்திரியின் கடமையாகும் என்பதே சட்டத்தின் முதற்பிரிவு. அந்தக் 'கடமை'க்காகத்தான் இவ்வளவு பாடும்.

2019இல் அந்த 80 சதவீதம், முழு நூறு என்று திருத்தப்பட்டது. அதை எட்டும் வழியைக் கூறி 2021இல் அரசாங்கம் வெளியிட்ட திட்டத்தில் கணக்குப் போதுமான அளவு காட்டப்படவில்லை என்று, கிளர்ச்சியைத் தொடங்கிய அதே நிறுவனமும் வேறு சில அமைப்புகளும் வழக்குத் தொடுத்தன. 2022 ஜூலை 18ஆம் நாள் லண்டன் உயர்நீதிமன்றம் அத்திட்டம் சட்டத்திற்கு இணங்கவில்லை எனத் தீர்ப்பளித்தது. மறுநாளே கானிங்ஸ்பி என்னும் ஊரில் வெப்பம் 40.3 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அந்நாடு அதற்குமுன் கண்டிராத வெப்பம். திருத்தி எழுதப்பட்ட திட்டமும் 2024 மே மாதத்தில் மீண்டும் நீதிமன்றத்தில் தோற்றது. 1997ஆம் ஆண்டு வாக்குறுதியைப் பற்றிக் கேட்க ஆளில்லாதிருந்த நாட்டில் இவை நிகழ்ந்தன.

சட்டம் இருக்கும்வரைதான் இந்த வலிமை. 2025 அக்டோபரில் கன்சர்வேடிவ் கட்சித் தலைவி கெமி பேடனாக், தமது கட்சி ஆட்சிக்கு வந்தால் இச்சட்டத்தை நீக்குவதாக அறிவித்தார். 2008இல் அக்கட்சியின் பெரும்பாலோர் அதனை ஆதரித்தவர்கள். ஆயினும் நீக்குவதற்கும் சபையில் மசோதா கொணர்ந்து, எல்லோரும் காண வாக்களித்தாக வேண்டும். தேர்தல் வாக்குறுதியைப்போல ஓசையின்றி நழுவவிட இயலாது.

நமது நாட்டில், கானமயில் என்னும் அருகிவரும் பறவையை மின்கம்பிகளினின்றும் காக்கும் பொருட்டு எம். கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில், 2024 மார்ச் 21ஆம் நாளிட்ட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. பருவநிலை மாறுதலின் தீங்குகளினின்றும் காப்புப் பெறுதல் அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளின்படி மக்களின் உரிமை என்று அது கூறுகின்றது. அதே தீர்ப்பில், இப்பொருளை முழுமையாகத் தழுவிய தனிச் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை என்ற குறிப்பும் காணப்படுகின்றது. 2070க்குள் நிகர வெளியீட்டைச் சுழியமாக்குவோம் என்று 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா தெரிவித்தது ஓர் அறிவிப்பு. அதைச் செய்தல் வேண்டும் என்று எந்தச் சட்டப்பிரிவும் எழுதப்படவில்லை.