செனகல்

ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் மேற்குக் கோடி செனகலில் இருக்கிறது. அட்லாண்டிக் கடலுக்குள் நீண்டிருக்கும் சிறு தீபகற்பம் ஒன்றின் மேல் தலைநகர் டக்கார் படர்ந்து கிடக்கிறது. நாட்டின் பரப்பு சுமார் 1,96,700 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டைப் போல ஒன்றரை மடங்கு. 2023 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம். வடக்கே செனகல் ஆறும் அதற்கு அப்பால் மவுரித்தேனியாவும், கிழக்கே மாலியும், தெற்கே கினியும் கினி-பிசாவும் எல்லைகள். காம்பியா என்ற தனிநாடு அதே பெயருள்ள ஆற்றின் இரு கரையையும் பற்றிக்கொண்டு செனகலின் வயிற்றுக்குள் விரல் போல நுழைந்திருக்கிறது. 1889இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பேசி முடித்த எல்லை அது. அதற்குத் தெற்கே துண்டாகிப்போன பசுமையான காசமான்ஸ் பகுதியின் மனக்குறைகள் பலவற்றுக்கு அந்தக் கோடுதான் வேர்.

நாட்டின் பெயருக்கு மக்கள் சொல்லும் விளக்கம் அழகானது. வொலோஃப் மொழியில் ‘சுனு கால்’ என்றால் ‘எங்கள் படகு’. செனகல் ஆற்றின் வடகரையில் வாழ்ந்த செனாகா என்ற பெர்பர் மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. ஆனாலும் மக்கள் படகுக் கதையை விடுவதாக இல்லை. எல்லோரும் ஒரே படகில் இருக்கிறோம் என்று அரசியல் மேடைகளிலும் சொல்கிறார்கள்.

படகில் இருப்பவர்கள் பலர். பத்தில் நான்கு பேர் வொலோஃப். ஃபுலானி, செரேர், ஜோலா, மண்டிங்கா, சோனின்கே, டக்காரின் பூர்வகுடி மீனவரான லெபு ஆகியோர் மற்றவர்கள். ஆட்சிமொழி பிரெஞ்சு என்றாலும் சந்தையிலும் பேருந்திலும் கேட்பது வொலோஃப்தான். இந்த இனங்களுக்குள் நம்மூர் மாமன் மச்சான் கேலியைப் போன்ற கேலி உறவு ஒன்று உண்டு. செரேர் ஒருவர் முன்பின் அறியாத ஜோலாவைப் பார்த்து ‘நீ என் அடிமை’ என்று சொல்லலாம். அவரும் அதையே திருப்பிச் சொல்வார், கோபம் வராது. அகேன், ஜம்போன் என்ற சகோதரிகள் போன படகு கடலில் இரண்டாக உடைந்ததாம். ஒருத்தி வடக்கே ஒதுங்கி செரேர்களின் தாயானாள், மற்றவள் தெற்கே ஒதுங்கி ஜோலாக்களின் தாயானாள் என்பது கதை.

11ஆம் நூற்றாண்டிலேயே ஆற்றங்கரையில் இருந்த தக்ரூர் அரசு இஸ்லாத்தை ஏற்றது. 14ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜொலோஃப் பேரரசு 1549இல் சிதறி, காயோர், பாவோல், வாலோ எனச் சிற்றரசுகள் ஆனது. அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 1444இல், போர்த்துக்கீசியர் கரைக்கு வந்துவிட்டார்கள். பின்னர் டச்சுக்காரர்கள், அவர்களிடமிருந்து கோரே தீவை 1677இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தார்கள். ஆற்றின் முகத்துவாரத்தில் 1659இல் சேன் லூயி நகரத்தை நிறுவியவர்களும் அவர்களே.

கோரே 900 மீட்டர் நீளமே உள்ள தீவு. அங்கே இளஞ்சிவப்பு வண்ணம் பூசிய ‘அடிமைகள் இல்லம்’ நிற்கிறது. கீழ்த்தளத்து இருட்டறைகளைத் தாண்டினால் கடலைப் பார்த்துத் திறக்கும் ஒரு வாசல். அந்த வீட்டு வழியாக எத்தனை பேர் கொண்டுபோகப்பட்டார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் கடுமையாக மாறுபடுகிறார்கள். பெரிய எண்ணிக்கை ஆற்று முகத்துவாரங்களிலிருந்தும் தெற்குத் துறைமுகங்களிலிருந்தும் போனது என்கிறார்கள். கல்லறையே இல்லாத மூதாதையருக்காக அழ மக்களுக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடமாக அந்த வாசல் இருக்கிறது.

இதே காலத்தில் செனகலுக்கும் தமிழ்க் கரைக்கும் நேரடி உறவு இருந்ததைப் பலர் அறிய மாட்டார்கள். ஐரோப்பாவில் துணிக்கு அச்சிடும் சாயத்தைக் கெட்டியாக்க வேலமரப் பிசின் தேவைப்பட்டது. அந்தப் பிசின் செனகல் ஆற்றங்கரையில் கிடைத்தது. விற்ற மூர் வணிகர்கள் விலையாகக் கேட்டது புதுச்சேரிப் பக்கம் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணியை. ‘கினே’ என்று பெயர் பெற்ற அந்தத் துணி அங்கே பணமாகவே புழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சிலேயே நெய்து அனுப்பிப் பார்த்தார்கள். வாங்குபவர்கள் துணியைத் தடவி, மோந்து பார்த்து, இது அது இல்லை என்று ஒதுக்கினார்கள். நம் சாயக்காரர்களின் கைப்பதம் சகாரா விளிம்பில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிசினுக்குப் பிறகு நிலக்கடலை. மார்சேய் நகரத்துச் சோப்பு, எண்ணெய் ஆலைகளுக்காக உள்நாடு முழுக்கக் கடலைக்காடானது. அதை ஏற்றிச் செல்ல டக்காருக்கும் சேன் லூயிக்கும் இடையே போட்ட ரயில்பாதை 1885இல் முடிந்தது. தண்டவாளம் வந்தால் நாடு போய்விடும் என்று புரிந்துகொண்டு எதிர்த்த காயோர் மன்னர் லாத் ஜோர் மறு ஆண்டே போர்க்களத்தில் மாண்டார்.

வாளால் முடியாததை வேறு வழியில் செய்தவர் அமது பம்பா. உழைப்பும் வழிபாடும் ஒன்றே என்று போதித்து முரீது என்னும் சூஃபி நெறியைத் தொடங்கினார். 1887இல் தூபா ஊரை நிறுவினார். ஆயுதம் எடுக்காத இந்த மனிதரைக் கண்டு அஞ்சிய பிரெஞ்சு அரசு 1895இல் கபோனுக்கு நாடுகடத்தியது. கப்பலில் தொழ அனுமதிக்காதபோது கடல்நீரின் மேல் பாயை விரித்துத் தொழுதார் என்று பக்தர்கள் நம்புகிறார்கள். கண்ணாடி ஓவியங்களில் அந்தக் காட்சியை இன்றும் தீட்டுகிறார்கள். அவருடைய நிழற்படமாக அறியப்பட்டது 1913இல் எடுத்த ஒன்றே ஒன்று. வெள்ளை அங்கி, முகத்தின் கீழ்ப்பாதியை மூடிய துணி, நிழல் விழுந்த கண்கள். டக்காரில் சுவர், பேருந்து, தையற்கடை என்று எங்கும் அந்த உருவம்தான். அவர் நாடுகடத்தப்பட்ட நாளைத் துக்கமாக அல்ல, திருநாளாகக் கொண்டாட ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் தூபாவில் கூடுகிறார்கள். மக்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் முஸ்லிம்கள். தீஜானி நெறியினரும் பெருந்தொகையினர்.

கடற்கரை நகரங்கள் நான்கின் மக்களுக்கு மட்டும் பிரான்ஸ் வாக்குரிமை தந்திருந்தது. அதன் பலனாக 1914இல் பிளேஸ் ஜாஞ் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் ஆனார். மற்றவர்கள் வெறும் குடிகள். போருக்கு மட்டும் தேவைப்பட்டார்கள். 1944 டிசம்பர் 1 அன்று டக்காரை அடுத்த தியரோய் முகாமில், ஜெர்மானியச் சிறையிலிருந்து மீண்ட மேற்கு ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் பாக்கிச் சம்பளத்தைக் கேட்டதற்காகப் பிரெஞ்சுப் படையே அவர்களைச் சுட்டது. 35 பேர் என்றது அரசுக் கணக்கு. உண்மை அதைவிடப் பெரிது என்பது ஆய்வாளர்களின் உறுதி. அது படுகொலைதான் என்று பிரான்ஸ் ஒப்புக்கொள்ள 2024 ஆனது.

1960இல் விடுதலை. மாலியோடு சேர்ந்த கூட்டாட்சி இரண்டே மாதத்தில் உடைய, கவிஞர் லியோபோல்டு செங்கோர் முதல் அதிபரானார். முஸ்லிம்கள் நிறைந்த நாட்டை ஒரு செரேர் கத்தோலிக்கர் 20 ஆண்டுகள் ஆண்டார் என்பது அந்த மண்ணின் இயல்பைச் சொல்லும். குறையும் உண்டு: தோழரும் பிரதமருமான மமது ஜாவை 1962இல் கைது செய்து 12 ஆண்டுகள் சிறையில் வைத்தார். ஆனால் 1980 கடைசியில் தாமாகவே பதவி விலகினார். ஆப்பிரிக்க, திராவிடப் பண்பாடுகளுக்கு உறவு உண்டென நம்பிய செங்கோரின் முயற்சியால் டக்கார் பல்கலைக்கழகத்தில் திராவிட ஆய்வுக்கு இடம் கிடைத்தது, அறிஞர் க. ப. அறவாணன் அங்கே பணியாற்றினார். படகைக் குறிக்கும் ‘கால்’ தமிழ்க் காதுக்குக் ‘கலம்’ போலக் கேட்கும்தான். ஒலி ஒற்றுமை மட்டும் உறவைக் காட்டாது. மொழியியலாளர் பெரும்பாலோர் அந்த உறவை ஏற்கவில்லை.

உறுதியான உறவு ஒன்று சமையலறையில் இருக்கிறது. ‘டக்கார்’ என்ற பெயரே வொலோஃப் மொழியில் புளியமரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். புளியின் தாயகமும் ஆப்பிரிக்காதான். நாட்டின் உயிர் உணவான ‘செபு ஜென்’ என்பது மீன்சோறு. பிரெஞ்சுக்காரர்கள் இந்தோசீனாவிலிருந்து கொண்டுவந்த நொய்யரிசியில் பழகிய நாக்கு, முழு அரிசி கிடைத்தாலும் நொய்யையே கேட்கிறது. கொத்தமல்லி போன்ற ஒரு தழையோடு பூண்டும் மிளகாயும் இடித்து மீனைக் கீறி உள்ளே திணித்து, தக்காளிக் குழம்பில் மரவள்ளி, முட்டைக்கோஸ், கத்தரிக்காயோடு வேகவிடுகிறார்கள். மீனை எடுத்துவிட்டு அந்தச் சாற்றிலேயே நொய் வேகும். சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி எடுத்து மேலே வைப்பார்கள், அதற்குத்தான் போட்டி. ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் உள்ளதை மட்டும் உண்பது முறை. வீட்டுத் தலைவி நடுவிலிருக்கும் மீனைப் பிய்த்து விருந்தாளியின் பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். இந்தச் சமையலை 2021இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாக ஏற்றது.

இராணுவப் புரட்சி ஒருமுறையும் ஆட்சியைப் பிடிக்காத நாடு இது. 2000இலும் 2012இலும் தோற்ற அதிபர்கள் வாழ்த்துச் சொல்லி விலகினார்கள். 2024இல் தேர்தலைத் தள்ளிப்போடும் முயற்சியை மக்களும் அரசமைப்பு மன்றமும் முறியடிக்க, சிறையிலிருந்து வெளிவந்த பத்தே நாளில் 44 வயது பசிரு ஜோமாய் ஃபாய் வென்றார். அதற்கு முந்தைய மூன்றாண்டுப் போராட்டங்களில் இளைஞர் பலர் உயிரிழந்தனர். காசமான்ஸ் பிரிவினைப் போர் 1982இல் தொடங்கி இன்னும் முழுதாக ஓயவில்லை. காம்பியாவைச் சுற்றிப் போகும் தரைவழிக்கு மாற்றாகத் தலைநகரை அடைய அப்பகுதியினர் நம்பியிருந்த ‘ஜோலா’ கப்பல் 2002 செப்டம்பர் 26 இரவு கவிழ்ந்தது. சுமார் 580 பேருக்கான கப்பலில் ஏறியவர்களில் 1,800க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இன்று அந்தத் தடத்தில் ஓடும் கப்பல்களில் இரண்டுக்கு அகேன், ஜம்போன் என்று பெயர்.

கரையோரத்தில் கண், பூ, சூஃபி பெரியோரின் பெயர் என வண்ணம் தீட்டிய நீண்ட மரப்படகுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. அந்நியக் கப்பல்களும் உள்ளூர் மிகைப்பிடிப்பும் மீனை அரித்துவிட்டதால், 2006 முதல் அதே படகுகள் ஸ்பெயினின் கானரித் தீவுகளுக்கு இளைஞர்களை ஏற்றிச் செல்கின்றன. ‘பார்சா வல்லா பர்சாக்’ என்பது அவர்களின் சொல்: பார்சிலோனா, இல்லையேல் மறுமையின் வாசல். சிப்பாய்கள் சுடப்பட்ட அதே தியரோயின் கடற்கரையில், மகன்களைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார்கள் சங்கம் அமைத்திருக்கிறார்கள். சிறுதொழில் செய்து பிழைத்துக்கொண்டு, அடுத்த படகுக்குப் பணம் சேர்க்கும் பையன்களிடம் போய்ப் பேசுகிறார்கள்.